மெய்நிகர் இயந்திரத்தில் லினக்ஸ் தொடங்கும்போது வரும் எச்சரிக்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் கணினி படிக்கும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் இருப்பது ஒரேயொரு லப்டொப். அதில் இருக்கும் வின்டோஸை அழிக்க வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள், அழிக்கவும் தேவையில்லை. கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் இயந்திரத்தை) உருவாக்கித் தரும் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற நிரலை நிறுவி, அதற்குள் உபுண்டு அல்லது டெபியன் என்ற லினக்ஸ் வகையொன்றை ஓட்டினால் பாடத்துக்குப் போதும். ஆனால், முதல் நாளே திரையில் ஓடும் எச்சரிக்கை வரிகளைக் கண்டு பயந்து போகிறார்கள். ஒரே சந்தேகங்களே திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, விடைகளை எழுதியிருக்கிறேன்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் உள்ளன. முனையத்தில் அவற்றை வழமைபோல ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். மூலக் கணினி என்று நான் எழுதுவது, கையில் இருக்கும் உண்மையான லப்டொப்பை.

சேர், ஓன் பண்ணின உடனே கறுப்புத் திரையில எழுத்து ஓடுது. வைரஸா, இல்லை லப்டொப் பழுதாப் போச்சா?

இரண்டும் இல்லை. லினக்ஸின் மையக்கருவான கேர்னல் தொடங்கும்போது, தான் கண்ட வன்பொருள் ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பு எழுதுகிறது. வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண், தொடங்கி எத்தனை செக்கனில் அந்த வரி எழுதப்பட்டது என்பதைக் காட்டுகிறது. இந்த வரிகள் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கும் பணிசெயல் முறைமையின் பேச்சு. மூலக் கணினியின் நலத்தைப் பற்றி அவை பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை.

வன்தட்டின் பெயரும், அதையடுத்து "கிளீன்" என்ற சொல்லும், கோப்புகளின் எண்ணிக்கையும் வரும் வரியைக் கண்டும் சிலர் பதறுகிறார்கள். கோப்பு முறைமை சுத்தமாக இருக்கிறது என்பதே அதன் பொருள். அது எச்சரிக்கையே அல்ல.

சின்னப் பெட்டி ஒண்டு மேல வந்து கீபோர்ட், மவுஸ் எண்டு ஏதோ சொல்லுது. அதுவும் லினக்ஸ் சொல்றதா?

இல்லை, அது வேர்ச்சுவல்பொக்ஸ் சொல்வது. இயந்திரத்தின் யன்னலுக்குள் சொடுக்கினால் விசைப்பலகை உள்ளே பிடிபட்டுவிடும் என்றும், வலப்பக்கக் கொன்ட்ரோல் விசையை அழுத்தினால் வெளியே வரலாம் என்றும் அது அறிவிக்கிறது. ஒருமுறை வாசித்து விளங்கிய பின், இனிக் காட்ட வேண்டாம் என்பதைத் தெரிவுசெய்து மூடிவிடுங்கள். தவறுதலாக எல்லாவற்றையும் மூடிவிட்டால், ஹெல்ப் பட்டியலில் உள்ள ரீசெட் ஓல் வோர்னிங்ஸ் அவற்றை மீட்டுத்தரும்.

எதைக் கவனிக்க வேணும், எதை விடலாம் எண்டு எப்பிடித் தெரியும்?

கேர்னல் தன் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் இடுகிறது. 0 என்பது இயந்திரமே பயன்படாத நிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 7 நிரலாளருக்கான நுணுக்கக் குறிப்பு. ஆனால் தரத்தை மட்டும் நம்பக் கூடாது. மெய்நிகர் இயந்திரத்தில் தரம் 3 பெற்று வரும் வரிகளில் பல, இல்லாத வன்பொருளைத் தேடிக் காணாததால் வந்தவை.

என் அனுபவத்தில் இவ்வரிகள் மூன்று வகைப்படும். முதலாவது, பாவனை வன்பொருளால் (உண்மையில் இல்லாத, மென்பொருள் போலச்செய்யும் வன்பொருளால்) எழும் வெற்றுச் சத்தம். அதை எழுப்பும் இயக்கியை (ஒரு வன்பொருளை இயக்கும் சிறு நிரலை) நிறுத்திவிடலாம். இரண்டாவது, உண்மையாகவே ஏதோ குழம்பிக் கிடப்பதைச் சொல்வது. அதை மறைக்காமல் திருத்த வேண்டும். மூன்றாவது, பாதுகாப்பைப் பற்றிய அறிவித்தல். அதை வாசித்து முடிவெடுக்க வேண்டும். வகையை அறிய இரண்டு கட்டளைகள் போதும். ஜேர்னல்சிடிஎல் என்பதுடன் -பி, -பி எர் என்று சேர்த்தால் (முதலாவது பூட்டின் பி, மற்றது பிரயோரிட்டியின் பி) இம்முறை தொடங்கியபோது வந்த பிழைகள் மட்டும் தெரியும். சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட் என்பது தொடங்க முடியாமற்போன சேவைகளைக் காட்டும். இரண்டாவது கட்டளை வெறுமையாக வந்து, இயந்திரமும் வழமைபோல இயங்கினால், மிஞ்சியிருப்பது அநேகமாக முதல் வகைதான்.

"எஸ்எம்பஸ் ஹோஸ்ட் கொன்ட்ரோலர் நொட் எனேபிள்ட்" எண்டு ஒவ்வொரு நாளும் வருது. இதை எப்பிடி நிப்பாட்டுறது?

ஆக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வேர்ச்சுவல்பொக்ஸ், இன்டெல் 1990களில் வெளியிட்ட பிஐஐஎக்ஸ்4 என்னும் சில்லின் மின்முகாமைப் பகுதியைப் பாவனை செய்கிறது. இயந்திரத்தை ஒழுங்காக அணைப்பதற்கு அது வேண்டும். உண்மையான தாய்ப்பலகையில் அதே சில்லுக்குள், வெப்ப உணரிகள் முதலியவற்றோடு பேசும் எஸ்எம்பஸ் என்ற தடமும் இருக்கும். பாவனைச் சில்லில் அந்தத் தடம் இயக்கப்பட்டில்லை. வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. லினக்ஸின் இயக்கி பலகையை நம்பிக் கதவைத் தட்டிவிட்டு, முறைப்பாடு எழுதிவிட்டுப் போகிறது. 1998ஆம் ஆண்டின் இன்டெல் 440பிஎக்ஸ் பலகையைப் பாவனை செய்யும், வேர்ச்சுவல்பொக்ஸைப் போன்ற இன்னொரு நிரலான விஎம்வெயாரிலும் இதே வரி வருவதற்குக் காரணம் இதுவே. மெய்நிகர் இயந்திரத்தில் அளப்பதற்கு வெப்பமும் இல்லை என்பதால், இந்த இயக்கியை நிறுத்துவதால் எந்த இழப்பும் இல்லை.

செய்முறை இது. ஈடிசி கோப்புறைக்குள் மொட்ப்ரோப்.டி என்ற கோப்புறை இருக்கிறது. அதற்குள், சூடோ (நிர்வாகி) அதிகாரத்துடன், உங்களுக்கு விருப்பமான பெயரில் ஒரு புதிய கோப்பை உருவாக்குங்கள், பெயர் .கொன்ஃப் என்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் அது வாசிக்கப்படாது. கோப்பில் ஒரே வரி: பிளாக்லிஸ்ட் என்ற சொல், ஓர் இடைவெளி, பிறகு ஐ2சி_பிஐஐஎக்ஸ்4. சேமித்த பின் சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ என்ற கட்டளையைக் கொடுத்து, மறுதொடக்கம் செய்யுங்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்கள் கடைசிக் கட்டளைக்குப் பதிலாக ட்ராகட் -எஃப் என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

நீங்க சொன்னபடி எழுதினனான், ஆனா அந்த வரி இன்னும் போகேல்லை. ஏன்?

பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும் கட்டளை விடுபட்டிருக்கும். வன்தட்டைத் திறப்பதற்கு முன்பே கேர்னல் ஒரு சிறிய தற்காலிகக் கோப்பு முறைமையிலிருந்து இயக்கிகளை எடுக்கிறது. நீங்கள் எழுதிய கோப்பு அதற்குள் படியெடுக்கப்படாத வரையில், தொடக்கத்தின் முதற்பகுதிக்கு அது தெரியாது.

அடுத்த காரணம் எழுத்துப்பிழை. ஏறியிருக்கும் இயக்கிகளைக் காட்டும் எல்எஸ்மொட் கட்டளையின் விடையில் அந்த இயக்கியின் பெயர் இன்னும் இருந்தால், தடை வேலை செய்யவில்லை என்று பொருள். அடிக்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோடு போட்டது பிரச்சினை அல்ல, இரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படும். ஐ என்ற எழுத்துக்குப் பதிலாக எல் என்று அடித்திருந்தால்தான் பிரச்சினை. எல்லாம் சரியாக இருந்தும் இயக்கி ஏறினால், வேறு ஏதோ அதைப் பெயர் சொல்லி அழைக்கிறது. பிளாக்லிஸ்ட் என்பது தன்னியக்கமாக ஏறுவதை மட்டுமே தடுக்கும்.

"இன்டெல் ராப்ல்: நோ வெலிட் ராப்ல் டொமெய்ன்ஸ்" எண்டு வாறதும் இப்பிடித்தானா?

ஆம். அது செயலியின் மின்நுகர்வை அளக்கும் இயக்கி. மெய்நிகர் செயலியில் அளவி இல்லாததால் முறையிடுகிறது. மேலே சொன்ன அதே கோப்பில் பிளாக்லிஸ்ட் இன்டெல்_ராப்ல் என்று இரண்டாவது வரியாகச் சேருங்கள். புதிய கேர்னல்களில் பெயர் இன்டெல்_ராப்ல்_எம்எஸ்ஆர் என்று மாறியிருக்கிறது.

கிரப் கோப்பில குவயட் எண்டு போட்டாக் காணும், எல்லாம் மறைஞ்சிடும் எண்டு அண்ணா ஒராள் சொன்னவர். பிறகேன் இவ்வளவு வேலை?

கிரப் என்பது கேர்னலை ஏற்றித் தொடக்கும் நிரல்; குவயட் என்பது அதன் அமைப்புக் கோப்பில் எழுதும் ஒரு சொல். அது உங்கள் உபுண்டுவில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அது திரைக்கு வரும் தரத்தின் எல்லையை 4 ஆக்குகிறது; எல்லைக்குக் கீழான எண்ணுள்ளவை, அதாவது 0 முதல் 3 வரை, திரைக்கு வந்துகொண்டே இருக்கும். எஸ்எம்பஸ் வரி தரம் 3 என்பதால்தான் குவயட்டையும் மீறி அது கண்ணில் படுகிறது.

எல்லையை இன்னும் இறக்கலாம். ஈடிசிக்குள் டிஃபோல்ட் கோப்புறையில் உள்ள கிரப் என்ற கோப்பைத் திறந்து, கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபோல்ட் என்று பெரிய எழுத்தில் தொடங்கும் வரியில், மேற்கோள் குறிக்குள் குவயட்டை அடுத்து லொக்லெவல்=3 என்று சேர்த்து, சூடோ அப்டேட்-கிரப் கொடுத்தால் திரை அமைதியாகிவிடும். செய்திகள் அழிவதில்லை, டிமெசேஜ் (டிஎம்இஎஸ்ஜி) கட்டளையில் அப்படியே இருக்கும். இருந்தாலும் இதை முதல் மருந்தாக நான் பரிந்துரைப்பதில்லை. பேசுபவரை நிறுத்துவது ஒன்று, கேட்பவரின் காதைப் பொத்துவது வேறொன்று. வன்தட்டுப் பிழைகளும் தரம் 3இல்தான் வருகின்றன; அவையும் சேர்ந்து மறைந்துவிடும்.

"விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ்" எண்டு தொடங்கி எரர் எண்டு வருது. திரை எல்லாம் சரியாத்தான் கிடக்கு.

வேர்ச்சுவல்பொக்ஸின் 6.0 பதிப்பிலிருந்து, புதிய லினக்ஸ் இயந்திரங்களுக்கு விஎம்எஸ்விஜிஏ என்னும் வரைகலைக் கட்டுப்படுத்தியே இயல்பாகத் தெரிவாகிறது. அது விஎம்வெயாரின் அட்டையைப் போன்ற பாவனை. லினக்ஸில் உள்ள விஎம்வெயார் இயக்கி அதை நம்பி, விஎம்வெயாருக்குரிய வழியில் செய்தி அனுப்பப் பார்க்கிறது. கேட்க அங்கே விஎம்வெயார் இல்லாததால், அனுப்ப முடியவில்லை என்று எழுதுகிறது. புதிய கேர்னல்களில், ஆதரிக்கப்படாத ஹைப்பர்வைசரில் (மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் நிரலில்) ஓடுவதாகத் தெரிகிறது என்ற கடுமையான வரியும் வரும்.

இயந்திரத்தை முழுமையாக அணைத்துவிட்டு, நிலையைச் சேமித்து மூடியிருந்தால் அதை விடுவித்துவிட்டு, டிஸ்ப்ளே அமைப்பில் கட்டுப்படுத்தியை விபொக்ஸ்எஸ்விஜிஏ என்று மாற்றினால் இவ்வரிகள் போய்விடும். ஆனால் அதே அமைப்புப் பெட்டியின் அடியில், பரிந்துரைக்கப்பட்ட கட்டுப்படுத்தி இதுவல்ல என்று வேர்ச்சுவல்பொக்ஸ் தானே ஓர் எச்சரிக்கையைக் காட்டும். ஒன்றை நிறுத்த இன்னொன்று முளைக்கிறது. திரை சரியாக இருந்தால் மாற்றாமல் விடுவதே நல்லது. கண்ணுக்கு உறுத்தினால் முந்தைய விடையில் சொன்ன லொக்லெவலைப் போடுங்கள், இந்த ஓரிடத்தில் அது நியாயமான வழி. திரை கறுத்துப் போனாலோ யன்னல்கள் உடைந்து தெரிந்தாலோ மட்டும் கட்டுப்படுத்தியை மாற்றுங்கள்.

"ஏ ஸ்டார்ட் ஜொப் இஸ் ரன்னிங்" எண்டு சிவப்புப் புள்ளி ஓடி ஓடி ஒண்டரை நிமிசம் நிக்குது. இது என்ன?

இது இரண்டாம் வகை, மறைக்கக் கூடாது. சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் ஒரு சாதனத்துக்காக இயல்பாக 90 செக்கன் காத்திருக்கும். வரியின் மீதியில் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண் இருந்தால், ஈடிசியில் உள்ள எஃப்எஸ்டாப் கோப்பு, இப்போது இல்லாத ஒரு தட்டையோ பகுதியையோ கேட்கிறது. இரண்டாவது மெய்நிகர் தட்டைக் கழற்றியவர்களுக்கும், ஸ்வொப் பகுதியை மறுபடி வடிவமைத்தவர்களுக்கும் இது வருகிறது, ஏனென்றால் மறுவடிவமைப்பில் அடையாள எண் மாறிவிடும். சூடோ பிஎல்கேஐடி கட்டளை தரும் எண்களோடு எஃப்எஸ்டாப்பில் உள்ளவற்றை ஒப்பிட்டு, பொருந்தாத வரியைத் திருத்துங்கள். தேவையில்லையெனில் அதன் முன்னால் ஒரு ஹாஷ் குறி இடுங்கள். சில வேளைகளில் மட்டும் இணைக்கும் தட்டு என்றால், அதன் தெரிவுகளில் நோஃபெயில் என்று சேர்த்தால் போதும்.

டெபியனில் "கேவ் அப் வெயிட்டிங் ஃபோர் சஸ்பென்ட்/ரெஸ்யூம் டிவைஸ்" என்று வருவதும் இதே குடும்பம். ஈடிசியில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், அதற்குள் கொன்ஃப்.டி, அதற்குள் ரெஸ்யூம் என்ற கோப்பில், பெரிய எழுத்தில் ரெஸ்யூம், சமன் குறி, சிறிய எழுத்தில் நன் (என்ஓஎன்இ) என்று எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள்.

எனக்கு நெட்வேர்க் கொன்ஃபிகர் ஆகும்வரை நிக்குது எண்டு வருது. டேற்றா முடிஞ்ச நாளிலதான் இப்பிடி.

உங்கள் இயந்திரத்தின் வலையமைப்பு அட்டை பிரிட்ஜ்ட் முறையில் இருக்கிறது. அம்முறையில் முகவரியைத் தர வேண்டியது வெளியே உள்ள வைஃபை அல்லது ஃபோன் ஹொட்ஸ்பொட். ஹொட்ஸ்பொட் அணைந்திருந்தால் முகவரி வராது, சிஸ்டம்டியின் வலையமைப்புக் காவல் சேவை 120 செக்கன் வரை காத்திருக்கும். அட்டையை நற் (என்ஏடி) முறைக்கு மாற்றினால், முகவரியை வேர்ச்சுவல்பொக்ஸே கொடுத்துவிடும். அநேகமாக அது 10.0.2.15 ஆக இருக்கும். இணையம் இல்லாவிட்டாலும் தொடக்கம் தடைப்படாது. பிரிட்ஜ்ட் கட்டாயம் தேவை என்றால், வலையமைப்பு அமைப்பை வைத்திருக்கும் நெட்ப்ளான் கோப்பில் அந்த அட்டைக்குக் கீழ் ஒப்ஷனல்: ட்ரூ என்று சேருங்கள்.

கரண்ட் போய் லப்டொப் நிண்டிட்டுது. அடுத்த முறை ஓன் பண்ண ரிகவரிங் ஜேர்னல் எண்டு வந்தது. படிச்சதெல்லாம் போச்சா?

பற்றரி செத்துப்போய், மின்கம்பியை நம்பியே ஓடும் லப்டொப்புகள் எங்கள் பக்கத்தில் அதிகம். மாரிகாலத்து இடிமழையில் இந்தக் கேள்வி வாரத்துக்குப் பல முறை வரும். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, மாற்றங்களைச் செய்வதற்கு முன் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. திடீரென அணைந்தால், அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைத் தானே சீராக்குகிறது. அந்த வரி சீராக்கம் நடந்ததன் அறிவிப்பு. ஒருமுறை வந்து மறைந்தால் நல்லது. சேமிக்காமல் எழுதிக்கொண்டிருந்த கடைசிச் சில வரிகள் மட்டும் போயிருக்கலாம்.

ஈஎஃப்ஐ என்ற தொடக்க முறையில் நிறுவிய இயந்திரங்களில், "வொலியூம் வொஸ் நொட் ப்ரொப்பர்லி அன்மவுன்டட்" என்ற வரி அதன் பின்னர் ஒவ்வொரு நாளும் தொடரலாம். தொடக்கப் பகுதி ஃபற் (எஃப்ஏடி) வடிவில் இருப்பதும், அதில் விழுந்த அழுக்குக் குறி துடைக்கப்படாமல் கிடப்பதும் காரணம். எல்எஸ்பிஎல்கே கட்டளையால் பூட்/ஈஎஃப்ஐ எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்த்து, அதை அன்மவுன்ட் செய்து, எஃப்எஸ்சிகே.விஃபற் -ஏ என்பதை அந்தப் பகுதியின் பெயருடன் சூடோவில் ஓட்டுங்கள். இயந்திரம் தொடங்காமல் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு நின்றுவிட்டால், முதலில் வின்டோஸில் இருந்தபடியே மெய்நிகர் தட்டின் கோப்பைப் படியெடுத்து வைத்துவிட்டு, திரையில் சொல்லப்பட்ட பகுதிக்கு எஃப்எஸ்சிகே -வை கொடுங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போதே, மூடும் பெட்டியில் நிலையைச் சேமிக்கும் தெரிவைப் பயன்படுத்தி மூடிவிட்டால் இந்த வேலை எதுவும் இல்லை.

உள்ளுக்குப் போட்டிருக்கிறது வின்டோஸ். அதிலயும் கரண்ட் போனால் ரிகவரித் திரை வந்து நிக்குது.

உள்ளே இருக்கும் வின்டோஸில் நிர்வாகியாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, தொடக்க அமைப்பை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளையின் செட் தெரிவால், டிஃபோல்ட் தொடக்கத்துக்குப் பூட்ஸ்டேட்டஸ்பொலிசி என்பதை இக்னோர்ஓல்ஃபெயிலியர்ஸ் என்று அமைத்தால், அந்தத் திரை வராமல் நேரே தொடங்கும். மூலக் கணினியில் இதைச் செய்யாதீர்கள். அங்கே அந்தத் திரை தேவை.

"சிஸ்டம் ப்ரோகிராம் ப்ரொப்ளம் டிடெக்டட்" எண்ட பெட்டி ஒவ்வொரு முறையும் வருது. என்ன செய்தாலும் போகுதில்லை.

என்றோ ஒருநாள் செயலிழந்த நிரலின் அறிக்கை, வார் கோப்புறைக்குள் கிராஷ் என்ற கோப்புறையில் கிடக்கிறது. உபுண்டு அதைக் கண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறது. அங்குள்ள கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள், செயலிழந்தது எது என்பது பெயரிலேயே இருக்கும். பிறகு அவற்றை அழித்துவிடுங்கள். மறுநாள் அதே பெயரில் புதிய கோப்பு வந்தால் அது உண்மையான கோளாறு, அந்த நிரலைக் கவனிக்க வேண்டும். வராவிட்டால் விடயம் முடிந்தது. ஈடிசி, டிஃபோல்ட், அப்போர்ட் என்ற கோப்பில் எனேபிள்ட்=0 என்று மாற்றிப் பெட்டியை அடியோடு நிறுத்தவும் முடியும்; படிப்புக்கான இயந்திரத்தில் அதில் தவறில்லை.

"ரெட்பிளீட்... டேற்றா லீக்ஸ் பொசிபிள்" எண்டு வருது. எங்கட தகவலை ஆரோ எடுக்கினமா?

எவரும் எடுப்பதாக அது சொல்லவில்லை. 2018 தை மாதத்தில் வெளியான ஸ்பெக்டர் குறைபாடும், 2022 ஆடியில் வெளியான ரெட்பிளீட்டும் செயலியின் வடிவமைப்பில் உள்ள ஓட்டைகள். அவற்றை அடைக்கத் தேவையான கட்டுப்பாடு மெய்நிகர் செயலியில் தெரியவில்லை என்று கேர்னல் அறிவிக்கிறது. இது மூன்றாம் வகை. மிட்டிகேஷன்ஸ்=ஓஃப் போட்டால் வரி போய்விடும் என்று ஆலோசனை சொல்வோர் இருக்கிறார்கள்; வரியோடு சேர்த்துக் காவலும் போய்விடும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

முதலில் மூலக் கணினியின் பயோஸையும் வின்டோஸையும் புதுப்பியுங்கள். அதன் பின் இயந்திரத்தை அணைத்துவிட்டு, மூலக் கணினியின் கட்டளைச் சாளரத்தில் விபொக்ஸ்மனேஜ் மொடிஃபைவிஎம், இயந்திரத்தின் பெயர், --ஸ்பெக்-சிடிஆர்எல் ஓன் என்று கொடுங்கள். செயலியின் கட்டுப்பாடு உள்ளே தெரியவரும். பல கணினிகளில் எச்சரிக்கை அதனோடு நின்றுவிடும். பழைய செயலியாக இருந்து நிற்காவிட்டால் வரியை அப்படியே விட்டுவிட்டு, அந்த இயந்திரத்துக்குள் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருங்கள்.

எதையோ பிளாக்லிஸ்ட் பண்ணிப்போட்டன், இப்ப மெசின் வரவே இல்லை.

இயந்திரத்தை ஓன் செய்தவுடன் ஷிஃப்ட் விசையை (ஈஎஃப்ஐ முறை என்றால் எஸ்கேப்பை) அழுத்தி, கிரப் பட்டியலுக்குப் போங்கள். மேம்பட்ட தெரிவுகளில் ரிகவரி முறையைத் தெரிவுசெய்து, ரூட் முனையத்தில் நீங்கள் உருவாக்கிய கோப்பை அழித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி புதுப்பியுங்கள். மாற்றத்துக்கு முன் ஸ்னப்ஷொட் (இயந்திரத்தின் அந்நேர நிலையின் பதிவு) எடுத்திருந்தால், அதற்குத் திரும்புவது இன்னும் இலகு.

இனிமேல் கோப்பு எழுதுவதற்கு முன் ஒத்திகை பாருங்கள். கிரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் மொட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்= என்பதுடன் இயக்கியின் பெயரைச் சேர்த்து, எஃப்10 அழுத்தினால், அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் தடை செல்லுபடியாகும்.

எல்லாம் சரியாக்கி, அதை எங்கட லாப்பில இருக்கிற எல்லாக் கணினிக்கும் கொப்பி பண்ணினம். இப்ப சிலதில மட்டும் திரும்ப எச்சரிக்கை வருது.

தடைக்கோப்பும் கிரப் அமைப்பும் படியோடு சேர்ந்தே போகும், அவை காரணமல்ல. இறக்குமதி செய்யும்போது வலையமைப்பு அட்டைகளுக்குப் புதிய மக் (எம்ஏசி) என்னும் வன்பொருள் முகவரி உருவாக்கத் தெரிவுசெய்திருந்தால், பழைய முகவரியைப் பெயர் குறித்து எழுதிய நெட்ப்ளான் கோப்பு அட்டையை அடையாளம் காணாது. முன்பு சொன்ன வலையமைப்புக் காத்திருப்பு அப்படித்தான் திரும்பி வருகிறது. நெட்ப்ளானில் மக் முகவரி உள்ள வரிகளை நீக்கிவிடுங்கள். புதிய முகவரி உருவாக்காமல் விடுவது தீர்வல்ல. ஒரே வலையமைப்பில் ஒரே மக் முகவரியோடு பல இயந்திரங்கள் மோதும்.

மக் வேறாக இருந்தும் இரண்டு இயந்திரங்கள் ஒரே ஐபி முகவரியைப் பிடித்தால், ஈடிசியில் உள்ள மெசின்-ஐடி கோப்பைப் பாருங்கள். முகவரி கேட்கும்போது சிஸ்டம்டி தன்னை அந்த எண்ணிலிருந்து பெற்ற அடையாளத்தால் அறிமுகப்படுத்துகிறது. படிகள் எல்லாவற்றிலும் எண் ஒன்றாக இருக்கிறது. தாய் இயந்திரத்தில் அந்தக் கோப்பை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கி, அணைத்து, மறுபடி தொடக்காமல் அதிலிருந்து ஏற்றுமதி செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முதல் தொடக்கத்தில் தனக்கென ஓர் எண்ணை எழுதிக்கொள்ளும்.